பங்குக் கிணறும் ஒரு சிவப்புப் புள்ளியும்

1

பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு மத்தியானத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நோர்வேயில் மத்தியானச் சாப்பாடு பதினொன்றரைக்கே தொடங்கி முடிந்துவிடும். இரண்டு துண்டுப் பாண், மேலே மண்ணிறச் சீஸ், அவ்வளவுதான். ஐந்து வருஷமாகச் சாப்பிடுகிறேன். இன்னும் அது எனக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் தருகிற ஏதோ ஒன்றாகத்தான் படுகிறது.

பேர்கன் நகரத்தில் குடிநீரைச் சோதிக்கும் ஒரு பிரிவில் வேலை செய்கிறேன். வெளியே மழை. இந்த ஊரில் அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அன்று பின்னேரம் மேலதிகாரிகளுக்கு முன்னால் நான் ஸ்லைட் காட்டிக் கதைக்க வேண்டும். ஒரு குடியிருப்புக்குப் போகிற பழைய குழாய் துருப்பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும் என்பதுதான் விஷயம். பக்கத்து மேசை இங்கெர் என்னைவிட இருபது வயது மூத்தவள், அதிகம் கதைக்காதவள். மடிக்கணினியை மூடிவிட்டு, இந்தப் பாண் முடிவதற்குள் விஷயத்தைச் சொல் என்றாள். சொன்னேன். பாதிப் பாண் மிச்சமிருந்தது.

பிறகு அவள் என் கோப்பைத் திறந்து, இப்போது சொன்னது இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். தேடினேன். ஒன்பதாவது ஸ்லைட்டில், நாலு வரிகளுக்குக் கீழே கிடந்தது.

என்னிடம் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக அழித்தாள். வரவேற்பு போனது, பொருளடக்கம் போனது, வரலாறு போனது, நான் இரண்டு கிழமை இருந்து செய்த அட்டவணைகள் போயின. கடைசியில் ஒரு வரைபடமும் அதில் ஒரு சிவப்புப் புள்ளியும் மட்டும் மிஞ்சின. சாமான்களெல்லாம் ஏற்றிவிட்ட பிறகு வெறுமையாகக் கிடக்கிற வீட்டைப் போல அது எனக்குத் தெரிந்தது. ஆனால் பின்னேரம் அந்தப் புள்ளிக்கு முன்னால் நின்று கதைத்தபோது ஒருவரும் யன்னலைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தப் புள்ளியைப் பார்த்தார்கள். குழாயை மாற்றுவதென்று அங்கேயே முடிவானது.

என் மேசைக்குத் திரும்பி நடக்கிற அந்தச் சின்னத் தூரத்தில்தான் நினைத்தேன்: இதை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வரைபடம், ஒரு சிவப்புப் புள்ளி.

2

ஸ்லைட்டை நிரப்புவது எனக்கு ஊரில் ரியூட்டரி என்கிற தனியார் வகுப்பில் பழகிய பழக்கம். சேர் நோட்ஸ் சொல்லுவார், நாங்கள் எழுதுவோம். பேனை நின்றால் சேரும் நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார். எழுத்து நிறைய இருந்தால்தான் அங்கே படிப்பு நடந்தது என்று அர்த்தம். வெறுமையாக விட்ட இடம் எனக்கு இப்போதும் சோம்பேறித்தனமாகத்தான் தெரியும். அதனால்தான் இங்கே வந்து முதன்முதலாகக் காட்டிய ஸ்லைட்டுகளில் ஒரு விரல் வைக்கக்கூட இடமிருக்கவில்லை. திரையைப் பார்த்து, சபைக்கு முதுகைக் காட்டி, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன்.

அந்த முதல் நாளில் இன்னொரு கூத்தும் நடந்தது. இங்கேயுள்ள ஆட்கள் ஆமென்று சொல்வதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்வார்கள். திடுக்கிட்டவர் மூச்சு வாங்குவதுபோல இருக்கும். முன்வரிசையில் இருந்த மேலதிகாரி அப்படி மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும், ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நான் நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். அவர் பாவம், நான் சொன்னதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கதை முடிந்தபோது நான்தான் களைத்துப்போயிருந்தேன்.

இப்படித்தான் இங்கே களைப்பு வருகிறது. மூட்டை தூக்கிய களைப்பு இல்லை. எதிரில் இருப்பவரின் முகம் என்ன சொல்கிறது என்று நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த களைப்பு.

3

சித்திரையில் மூன்று கிழமை லீவில் ஊருக்குப் போனேன். அச்சுவேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் எங்கள் ஊர். வீட்டில் அம்மாவும் தங்கச்சி வைஷுவும். பின்னால் வெங்காயத் தோட்டம். எங்கள் கிணறு எங்கள் காணிக்குள் இல்லை, தவம் மாமாவின் வளவுக்குள் இருக்கிறது. பங்குக் கிணறு. காணி உறுதியில் பாதிப் பங்கு எங்களுக்கு, பாதி அவருக்கு. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் அப்பா போன பிறகு எங்கள் தோட்டத்தையும் சேர்த்துச் செய்கிறவர் அவர்தான். அவர் போடுகிற உரம் இரண்டு காணிக்கும் ஒன்றுதான்.

போன கையோடு ஊரில் இருந்த சில கிணறுகளில் தண்ணீர் எடுத்தேன். எங்கள் கிணற்றில் வாளியை விட்டு அள்ளித் தந்தவர் தவம் மாமா. போத்தலைத் தானே கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உன்ரை நோர்வேயிலை உப்பிடித் தண்ணி கிடைக்குமோ என்று சிரித்தார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்ததில், எங்கள் கிணறு ஒன்றுதான் குடிக்கக்கூடிய எல்லையைத் தாண்டியிருந்தது. வயலுக்கும் தோட்டத்துக்கும் போடும் உரத்திலிருந்து கீழே இறங்கித் தண்ணீரில் கலக்கிற நைத்திரேற்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. பெரிய ஆட்கள் குடித்தால் ஒன்றும் தெரியாமல் நாள் போய்விடும். ஆனால் சில மாதக் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகலாம், குழந்தை நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

தவம் மாமாவின் மகள் சுகந்தி அக்கா பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தாய்வீட்டில்தான் இருந்தார். பிள்ளைக்கு நாலு மாதம். தாய்ப்பால் காணாமல் பால்மா கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, மூடி வைத்து, எவ்வளவு கவனமாகச் செய்யலாமோ அவ்வளவு கவனமாகச் செய்தார்.

எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குழந்தைக்குச் சந்தியில் இருக்கிற தண்ணீர்த் தாங்கியிலிருந்து தண்ணீர் போக வேண்டும், கிணற்றைச் சுற்றியுள்ள பாத்திகளுக்கு உரம் குறைய வேண்டும் என்பதுதான். வேலியைத் தாண்டிப் போய் நேரே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குள் அந்தச் சிவப்புப் புள்ளி பற்றிக்கொண்டு நின்றது. ஊரே பார்க்க வேண்டும், எல்லாக் கிணற்றுக்காரருக்கும் விளங்க வேண்டும் என்று சனசமூக நிலையத்தில் கூட்டத்துக்கு ஒழுங்கு பண்ணினேன்.

4

பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் இரவல் வாங்கினோம். திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி. வைஷு நாலு மூலையும் இழுத்துக் கட்டினாள்.

விளக்கேற்றல், தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் நடந்தன. தலைவர், நோர்வே நாட்டிலிருந்து எங்களுக்காகவே பறந்து வந்திருக்கும் என்று தொடங்கி என் படிப்பை முதலாம் வகுப்பிலிருந்து சொன்னார். எனக்கு ஒருபக்கம் கூச்சம், மறுபக்கம் பொழுது போகிறதே என்ற அவசரம். இங்கெர் இதைப் பார்த்தால் முழுவதையும் அழித்துவிடுவாள் என்று நினைத்துச் சிரிப்பும் வந்தது. அதனால் என் முறை வந்தபோது, பேர்கனில் செய்ததுபோலவே செய்தேன். வணக்கத்தைச் சுருக்கினேன். ஆருடைய பெயரையும் சொல்லவில்லை. நேரே வரைபடத்துக்குப் போனேன்.

ஊரின் ஒழுங்கைகள், பச்சைப் புள்ளிகள், இரண்டு மஞ்சள், ஒரு சிவப்பு. வேட்டியில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விழுந்தது. நான் சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த விதத்தில் அது என் வாழ்க்கையிலேயே மிகத் திறமாக வேலை செய்த ஸ்லைட்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "அது தவத்தின்ரை வளவெல்லே?"

"ஓம், தவத்தின்ரை கிணறுதான்" என்றார் பக்கத்தில் இருந்த இன்னொருவர்.

அதற்குப் பிறகு இருபது குரல்கள். ஆர் அந்தக் கிணற்றில் குடித்தது, ஆர் அங்கே வெங்காயம் வாங்கியது, போன மாசம் அந்த வீட்டில் சாப்பிட்டவனுக்கு வயிற்றால் போனது என்றெல்லாம் கதை ஓடியது. நான் அடுத்த ஸ்லைட்டுகளைத் தட்டிக்கொண்டே போனேன். கொதிக்க வைத்தாலும் போகாது என்று பெரிய எழுத்தில் கடைசியில் போட்டிருந்தேன். நான் வந்ததே அந்த ஒன்றுக்காகத்தான். அதை மைக்கில் இரண்டு தரம் சொன்னேன். ஒருவரும் திரும்பவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும், உதை ஒரு போட்டோக்கொப்பி அடிச்சுத் தாங்கோ பிள்ளை, வீட்டை கொண்டுபோய்ப் படிக்கலாம் என்றார்.

தவம் மாமா மூன்றாவது வரிசையில் இருந்தார். நன்றியுரை முடியும்வரை எழும்பவில்லை. கை மட்டும் சால்வையின் நுனியை மடித்து மடித்து விரித்தபடி இருந்தது.

5

நான் திரும்புவதற்கு முதல்நாள் பின்னேரம் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"பிள்ளை, நீ சொன்னது பிழையெண்டு சொல்ல நான் வரேல்லை. நீ படிச்சனி. ஆனால் உந்தச் சிவப்பை ஏன் என்ரை வளவுக்குள்ளை கொண்டுவந்து வைச்சனி?"

கிணறு அங்கேதானே இருக்கிறது மாமா, வரைபடத்தில் அந்த இடத்தில்தானே வைக்கலாம் என்று தொடங்கினேன்.

"கிணறு என்ரை வளவுக்கைதான். தண்ணியிலை உங்களுக்குப் பாதிப் பங்கு. சிவப்பு மட்டும் முழுக்க எனக்கோ?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அன்று காலை சந்தையில் ஒரு வியாபாரி, சிவப்புக் கிணத்து வெங்காயமோ என்று கேட்டு மூட்டையைத் தள்ளி வைத்தாராம். பகிடிக்குத்தான் கேட்டாராம். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்களாம்.

"என்ரை பேத்தி அந்தத் தண்ணியிலைதான் வளருறாள். இனியும் அதிலைதான் வளருவாள். ஊர் பாக்கட்டும்."

இதைச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோய் அந்தக் கடைசி வசனம் மட்டும் நின்றது. குழந்தைக்கு நல்ல தண்ணீர் போக வேண்டும் என்று நான் கூட்டிய கூட்டம், அதே தண்ணீரைப் பிடிவாதமாக்கிவிட்டிருந்தது. இனி சந்தியில் போய் ஒரு வாளி அள்ளினால், ஊர் சொன்னதை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அம்மா குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்தார். "எங்கடை கிணறு எண்டு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமேயடி. நாங்களும் அதைத்தானே குடிக்கிறம்."

அதைச் சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை என்று விமானத்தில் முழுக்க யோசித்தேன். நான் அந்தக் கிணற்றை இப்போது வரைபடத்தில் பார்க்கிறேன். வரைபடத்தில் பங்கு தெரியாது.

6

திரும்பி வந்ததும் பழைய ஓட்டம்தான். வதிவிட அனுமதி புதுப்பிக்கிற நேரம். இணையத்தில் அதற்கான சந்திப்புக்கு நேரம் எடுக்கப் பார்த்தால், கிடைக்கிற முதல் நாள் அனுமதி முடிந்த பிறகு வருகிறது. அப்படியானால் இடையில் நான் யார் என்று தொலைபேசியில் கேட்டேன். அந்தப் பக்கத்துப் பெண் மிக மரியாதையாக, விண்ணப்பித்தவர் என்றாள். ஐந்து வருஷம் இங்கே தண்ணீர் சோதித்தவள் இப்போது விண்ணப்பித்தவள். பேருந்தில் வரும்போது மழை யன்னலில் ஓடிக்கொண்டிருந்தது. இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் பெரியம்மாவின் மகள் வீட்டுக்குப் போவேன். அவளுடைய மகள் மிலாவுக்குப் பத்து வயது. இங்கே பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே சபைக்கு முன்னால் ஸ்லைட் போட்டுக் கதைக்கப் பழகிவிடுகிறார்கள். மிலாவுக்கு அம்மாவின் நாடு என்று தலைப்பு. ஒரு கடற்கரைப் படம் போட்டிருந்தாள், நீலமாக, மரத்தால் கட்டிய குடில்களோடு. இது எங்கள் கடல் இல்லை, தொண்டைமானாற்றுக் கரையில் இப்படி ஒரு குடிலும் இல்லை என்றேன். தோளைக் குலுக்கினாள். வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். தமிழில் கேட்டால் நோர்வேஜியத்தில் பதில் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாதித் தமிழாவது வந்தது. அவளுடைய தாய்க்கு அது கேட்கிறது, ஆனால் திருத்திக் களைத்துவிட்டாள்.

நான் ஊரில் நடந்ததைத் தாயிடம் சொல்லிக்கொண்டிருக்க, மிலா கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், அபூர்வமாகத் தமிழிலேயே கேட்டாள்.

"அந்த மாமாட்ட கேட்டனீங்களா?"

"அவர்தான் தண்ணி அள்ளித் தந்தவர்."

"தண்ணி இல்ல. திரையில போடலாமா எண்டு."

அவள் வகுப்பில் ஒரு பிள்ளையின் படத்தைப் போடுவதென்றால்கூட அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டுமாம். எங்கள் ஊரில் அப்படியொன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பிறகு அவள், கோபமென்றால் ஏன் அந்த மாமா மின்னஞ்சல் போடாமல் வாசலில் வந்து நின்றார் என்று கேட்டாள்.

வைஷு அழைக்கும்போதெல்லாம் கேட்பேன். வெங்காயத்தின் பெயர் இன்னும் போகவில்லை. தவம் மாமா எங்கள் முறைக்குத் தண்ணீர் இறைக்க வருகிறார், எங்கள் தோட்டத்தையும் செய்கிறார், ஆனால் எங்கள் பக்கம் பார்த்து ஒரு சொல் கதைப்பதில்லை. பிள்ளைக்கு இன்னும் அதே தண்ணீர்தான்.

ஒருநாள் வைஷு ஒன்று சொன்னாள். தகப்பன் தோட்டத்தில் நின்ற நேரம் பார்த்துச் சுகந்தி அக்கா வேலிப்பக்கம் வந்தாராம்.

"கொதிக்க வைச்சாலும் போகாதெண்டு உன்ரை அக்கா சொன்னவளாம். உண்மையோடி?"

வைஷு உண்மை என்றாளாம். சுகந்தி அக்கா, அப்பு தன்ரை கண்ணாலை பாத்தால்தான் நம்புவார், ஆர் சொல்லியும் இனிக் கேக்க மாட்டார் என்றாராம்.

7

மீன்தொட்டிக் கடைகளில் விற்கிற ஒரு சின்னப் பரிசோதனைக் கீற்று இருக்கிறது. தண்ணீரில் தோய்த்து எடுத்தால் நைத்திரேற்றுக்கு ஏற்ப வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்பு, பிறகு கடுஞ்சிவப்பு என்று மாறும். நான் ஆய்வுகூடத்தில் பெரிய கருவிகளோடு நின்று பழகியவள். இதை ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் பார்த்திருந்தேன். ஒரு டப்பா வாங்கிப் பார்சலில் அனுப்பினேன். அது கொழும்பில் நின்றுவிட்டது. இது மருந்தா, இரசாயனமா, விற்பனைக்கா என்று கேட்டு வைஷுவுக்கு அழைப்பு வந்தது. கிணத்துத் தண்ணி பாக்கிற பேப்பர் ஐயா என்று அவள் சொல்ல, அதை எழுத்தில் தாங்கோ என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். போன கிழமைதான் கைக்கு வந்தது.

முதல் கீற்றை அம்மா தோய்த்தார். இங்கே காலை, அங்கே மத்தியானம். வைஷு கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாளித் தண்ணீரில் ஒன்று. பிறகு அம்மா தானாகவே கேத்தலைப் பார்த்தார். கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் இன்னொன்றைத் தோய்த்தார். இரண்டையும் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் சிவந்தன. கொதித்தது கொஞ்சம் கூடச் சிவந்ததுபோலவும் தெரிந்தது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று மைக்கில் நான் இரண்டு தரம் சொன்னதை அவரும் கேட்டிருந்தார். ஆனாலும் அன்று தொடக்கம் ஒவ்வொரு நாளும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்திருக்கிறார்.

"உதைத் தவம் அண்ணைக்குக் காட்ட வேணும்" என்றார். பிறகு, "நான் போறன். நீ வேண்டாம்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை, தவம் மாமா சந்தையால் வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு போவதென்று முடிவு. வைஷு அம்மாவோடு போக மாட்டாள். ஆளும் பேருமாகப் போனால் அதுவும் கூட்டமாகிவிடும். அம்மா எங்கள் குசினியிலேயே சிவந்த கீற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு போவார். இன்னொரு கீற்று வெள்ளையாக, பிரிக்காத உறையில். அதைச் சுகந்தி அக்காவின் கையில் கொடுப்பார். பிள்ளையின் கேத்தலில் தோய்க்கிறதா இல்லையா என்பது அவர்கள் விருப்பம்; அது அவர்களுடைய குசினி, அவர்களுடைய யன்னல் வெளிச்சம். என்ன நிறம் வந்ததென்று அவர்களாகச் சொன்னாலொழிய எங்களுக்குத் தெரியத் தேவையில்லை.

அம்மா என்ன சொல்ல வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். பழக்கம் விடுமா, ஒரு பக்கம் வந்தது. தண்ணீர் எப்படிக் கீழே இறங்குகிறது, குழந்தைக்கு என்ன ஆகும், உரத்தை எந்தப் பாத்தியிலிருந்து குறைக்கலாம், என்னை மன்னிக்கச் சொல்லி நாலு வரி. பிறகு இங்கெர் செய்ததுபோல ஒவ்வொன்றாக வெட்டினேன். மன்னிப்பையும் வெட்டினேன். அதை நானே அடுத்த முறை போய்ச் சொல்ல வேண்டும், அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிற சாமான் இல்லை. கடைசியில் ஒரு வரி மிஞ்சியது. நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"தவம் அண்ணை, இது எங்கடை பங்கு."

அம்மா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "அதுக்குப் பிறகு?"

"பிறகு ஒண்டும் சொல்லாதேங்கோ. அவர் ஏதும் சொல்லுமட்டும் நில்லுங்கோ."

"அவர் ஒண்டும் சொல்லாட்டி?"

அதற்கு என்னிடம் ஸ்லைட் இல்லை. "நில்லுங்கோ அம்மா" என்றேன்.

வைஷு அந்த நேரம் வீடியோவில் எடுத்து அனுப்பட்டுமா, வேலியால் பார்த்தால் தெரியும் என்று கேட்டாள். எனக்குப் பார்க்க ஆசைதான். மாமாவின் முகம் எப்படிப் போகிறது, கை எங்கே போகிறது, கீற்றை வாங்குகிறாரா என்று. இருந்தாலும் கைபேசியை வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இங்கே எழும்பி, தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் இருப்பேன்.